மாட்டுத்தகடு

ஏலத்தில் எடுத்தபோது அதன் கழுத்தில்
ராணுவத்தின் வெள்ளை எண் இருந்தது.
பீடோர் வரை லோரிமேல் நின்றே வந்தது,
பென்ஷன் மறுக்கப்பட்ட சார்ஜன் போல.

பச்சையைச் சுரண்டினால் அடியில் மஞ்சள்.
பட்டாளத்துக்கு முன்னால் எங்கேயோ
ரோடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.
கேட்டுக்கொண்டா சேர்த்திருப்பார்கள்?

எஞ்சின் மூன்றாம் உதைக்கே எழுந்தது.
வாளிதான் பிடிவாதம்.
நான்கு பின், நான்கிலும் துரு.
மண்ணை அள்ள மட்டும் தெரிந்த கை.
செம்பனைக் குலை ஏற்ற வேண்டுமா,
வெட்டிப்போட்ட ஓலையைக் கவ்வ வேண்டுமா,
அரை நாள் சம்மட்டி, அரைப் புட்டி டீசல்,
யாருடைய அம்மாவையாவது இழுக்கும் வசவு.
வேலை கொடுத்தவர் அதற்குள்
வேறு ஆளுக்குப் போன் போட்டிருப்பார்.

யோகாம்பிகையைக் கூப்பிட்டேன்.
பாசிர் கூடாங் கப்பல் பட்டறையில்
ஆறு வருஷம் இரும்பைப் பற்றவைத்தவள்.
வந்தவள் இரும்பைத் தொடவில்லை,
மைலோ பெட்டியைக் கிழித்து
அட்டையில் வெட்டினாள், வைத்துப் பார்த்தாள்,
மறுபடி வெட்டினாள்.
"இது இஞ்சில் பிறந்தது அண்ணே.
கடையில் விற்கிற முள்ளெல்லாம் மில்லிமீட்டர்.
ரெண்டுக்கும் நடுவில் நான்தான் தரகு."

ஆ செங் கடையில் தடித்த பிளேட் கிடந்தது.
கிலோ நாலு வெள்ளி என்றான்.
மூன்றரைக்கு இறங்க
ரெண்டு தே-ஓ ஆனது.
கல்லாவில் இருந்த அவன் அம்மா
கணக்குப் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல்
தமிழிலேயே சொன்னாள்:
"கடன் இல்லை."

நாலாவது பின் கழன்ற இரவு
பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்து வந்து பார்த்தது.

தகடு ஏறியது. தொண்ணூறு கிலோ.
வாளி நாலு இஞ்சு முன்னே தள்ளிப்போனது.
முதல் மண்ணைத் தூக்கியதும்
பின்சக்கரம் தரையை மறந்தது.
நாலு இஞ்சுதானே என்றேன்.
"பிள்ளையை இடுப்பில் வைத்து நட,
அப்புறம் கையை நீட்டிப் பிடித்து நட,
அதே பிள்ளைதான்" என்றாள்.

பின்னால் ஒரு டிரம், டிரம் நிறைய சிமெண்ட்.
அது காயும்வரை
நானே ஏறி உட்கார்ந்தேன்,
எண்பத்தாறு கிலோ.
இந்த உடம்பால் ஒருவருக்குப் பயன் என்று
என் வீட்டுக்காரி சிரித்தது அன்றைக்குத்தான்.

இப்போது ரெண்டே நெம்புகோல்.
சாய், நுழை, நிமிர், பூட்டு.
தே தாரிக் நுரை அடங்குமுன்
வாளி இறங்கி முள் ஏறிவிடும்.

முதல் அழைப்பு ஆ செங்கிடமிருந்து.
"அம்மா" என்றான். கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு கூலி எவ்வளவு என்றான்.

மூன்று நாள் மழையில் ஊறிய குன்று.
தடித்த மரத்தில் செய்த பெட்டி.
பத்துப் பேர் தூக்கி
பத்தடியில் சறுக்கி நின்றார்கள்.
காலையில் வாளியால் குழி எடுத்திருந்தேன்.
நண்பகலில் வாளியைக் கழற்றிவிட்டு
அதே கையில் முள்ளை மாட்டினேன்.
பட்டை போட்டுக் கட்டி,
தரைக்கு ஒரு சாண் மேலே,
முதல் கியரில்.
பேண்டு வாத்தியம் அடிவாரத்தோடு நின்றுவிட்டது.
மேலே எஞ்சின் சத்தம் மட்டும்,
பக்கத்தில் குடை பிடித்து
வெறுங்காலோடு ஆ செங்.
பின்சக்கரம் எழும்பவில்லை.
டிரம்மைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே
யோகா பின்னால் நடந்து வந்தாள்.

சிவப்பு உறையில் பேசின இருநூறு இருந்தது,
கூட ஒரு மிட்டாய், ஒரு சிவப்பு நூல்.
"கடன் இல்லை" என்றான்,
அவள் சொன்ன அதே தமிழில்.

மிட்டாயை அங்கேயே தின்றுவிட வேண்டுமாம், தின்றேன்.
நூலைப் பூட்டு நெம்புகோலில் சுற்றினேன்.
கிரீஸ் பட்டு இந்நேரம் கறுத்திருக்கும்.

சுங்காய் பக்கம் ஒரு மலாய்க்காரர் தோப்பு,
ஓலை கவ்வ ஆள் கேட்கிறார்.
கவ்வி இன்னும் செய்யவில்லை.
மைலோ பெட்டி காலியானால் சொல்லச் சொல்கிறாள்.